தைராய்டுக் கேள்விகள், கல்லீரல் பதில்கள்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் தைராய்டு. போன இதழில் கல்லீரல் செல் சோதனை பற்றி இரண்டு வரி எழுதியதற்கே இவ்வளவு பதற்றமா! சரி, வரிசையாக வாருங்கள்.

கேள்வி: தைராய்டு இருப்பது கழுத்தில். ரசாயனம் அதை என்ன செய்கிறது என்று பார்க்கக் கல்லீரல் செல்லை வளர்க்கிறார்களாமே, ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்களா?
— கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். தைராய்டு பெரும்பாலும் செய்வது தைராக்சின், அதாவது டி4. ஆனால் உடம்பில் உண்மையாக வேலை பார்ப்பது டி3. அந்த டி3-யில் சுமார் 80 சதவீதம் தைராய்டுக்கு வெளியேதான் உண்டாகிறது. கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் டி4-லிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றிவிட்டால் டி3. ரத்தத்தில் டி4-ஐச் சுமந்து திரியும் டிபிஜி, டிரான்ஸ்தைரெடின், அல்புமின் ஆகிய மூன்று புரதங்களுக்கும் பிறந்த ஊர் கல்லீரல். கடைசியில் டி4-இன் மேல் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டிப் பித்தநீர் வழியாக வெளியேற்றுவதும் அதே கல்லீரல்.

இங்கேதான் ரசாயனம் உள்ளே நுழைகிறது. தெரியாத பொருள் ஒன்று வந்ததும் கல்லீரல் தன் கழிப்பு என்சைம்களைப் பெருக்குகிறது. யுஜிடி என்ற என்சைம் குடும்பம் அதில் முக்கியமானது. வந்த விஷத்தைக் கழிக்கப் பெருகிய அதே யுஜிடி, பக்கத்தில் போகிற டி4-ஐயும் சேர்த்துக் கழித்துவிடுகிறது. ரத்தத்தில் டி4 குறைந்ததும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனைக் கூட்டித் தைராய்டை விரட்டுகிறது. விரட்டு வாங்கிய தைராய்டு வீங்குகிறது. அந்த ரசாயனம் தைராய்டைத் தொட்டிருக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: எலிக்குத் தைராய்டு கட்டி வந்தது என்றால் எனக்கும் வருமா?
— பஸ் கண்டக்டர், ராசிபுரம்

பதில்: உடனே டிக்கெட் கிழிக்க வேண்டாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினோபார்பிட்டால் இந்தக் கதையின் பழைய பாத்திரம். எலிக்குக் கொடுத்தால் யுஜிடி பெருகுகிறது, டி4 இறங்குகிறது, டிஎஸ்ஹெச் ஏறுகிறது, நாள்பட்டால் தைராய்டு கட்டி வளர வழி பிறக்கிறது. 1980களின் இறுதியிலேயே இந்தச் சங்கிலி தெளிவாகிவிட்டது.

மனிதனிடம் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ரத்தத்தில் ஓடும் டி4-இல் முக்கால் பங்கை டிபிஜி இறுகப் பிடித்திருக்கிறது. அதை ஹார்மோன் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுதந்திரமாகத் திரிவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் நம் உடம்பில் டி4 பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். வளர்ந்த எலிக்கு இந்தக் கிடங்கு கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு நாளைக்குள்ளாகவே பாதி காலி. எனவே கல்லீரல் கொஞ்சம் வேகம் பிடித்தாலும் எலியின் தைராய்டு திண்டாடிப் போகிறது. நாம் தாக்குப் பிடிக்கிறோம்.

'எலிதானே' என்று கம்பெனிக்காரர் தப்பித்துவிடவும் கூடாது, 'எலிக்கு வந்துவிட்டதே' என்று நாம் அலறவும் கூடாது. அதற்குத்தான் கல்லீரல் செல் சோதனை. எலியின் கல்லீரல் செல் ஒரு தட்டில், மனிதக் கல்லீரல் செல் இன்னொரு தட்டில். இரண்டிலும் ஒரே ரசாயனம், ஒரே அளவு. எலித் தட்டில் மட்டும் டி4 கழிவு கூடினால் ஒரு முடிவு, மனிதத் தட்டிலும் கூடினால் வேறு முடிவு. பூச்சிக்கொல்லிகளும் கிருமிக்கொல்லிகளும் ஹார்மோனைக் குலைக்கின்றனவா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் இரண்டு அமைப்புகள் 2018-இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. எலியில் பார்த்தது மனிதனுக்குப் பொருந்தாது என்று வாதாட வருகிற கம்பெனியிடம் இந்த ஒப்பீட்டைக் காட்டு என்கிறது அது. வாய்ச்சொல் போதாது, தட்டைக் கொண்டுவா என்று அர்த்தம்.

கேள்வி: அந்த மனிதக் கல்லீரல் செல் எங்கிருந்து வருகிறது? யாராவது கொடுக்கிறார்களா, எடுக்கிறார்களா?
— லேப் டெக்னீஷியன், நாமக்கல்

பதில்: நீங்கள் துறைக்காரர், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாற்று அறுவைக்குத் தகுதிப்படாத தானக் கல்லீரல்களிலிருந்து வருகிறது. அறுவைச் சிகிச்சையில் வெட்டி எடுக்கும் துண்டுகளும் உதவும். கல்லீரலின் ரத்தக் குழாய்க்குள் கொலாஜினேஸ் என்ற என்சைமை ஓடவிட்டால், செல்களை ஒட்டவைத்திருக்கும் கொலாஜன் கரைந்து செல்கள் தனித்தனியாகக் கழன்று வரும். 1969-இல் எலிக் கல்லீரலில் கைகூடிய வித்தை இது. பிறகு திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

வெறும் பிளாஸ்டிக் தட்டில் போட்டால் ஒரு பிரச்சினை. இரண்டொரு நாளிலேயே அந்தச் செல்கள் தாங்கள் கல்லீரல் என்பதையே மறக்க ஆரம்பிக்கும், என்சைம் உற்பத்தி சரியும். அதனால் கீழே ஒரு கொலாஜன் படுகை, நடுவில் செல், மேலே இன்னொரு கொலாஜன் போர்வை என்று வளர்க்கிறார்கள். சாண்ட்விச் வளர்ப்பு என்றே அதற்குப் பெயர். இப்போது உருண்டையாகத் திரளவிட்டு வளர்க்கும் முறையும் வந்திருக்கிறது.

சாகாமல் பெருகிக்கொண்டே போகும் செல் வகைகளும் உண்டு. ஹெப்ஜி2 என்பது 1970களில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் கல்லீரல் கட்டியிலிருந்து வந்தது. மலிவு, வளர்ப்பதும் சுலபம். ஆனால் கழிப்பு என்சைம் மிகக் குறைவு, இந்த வேலைக்கு நம்பி இறங்க முடியாது. பிரான்சில் உருவான ஹெபாஆர்ஜி செல்களைச் சில வாரம் பக்குவப்படுத்தினால் நிஜக் கல்லீரலுக்கு ஓரளவு நெருக்கமாக நடந்துகொள்ளும்.

சோதனை இதுதான்: ரசாயனத்தை வெவ்வேறு அளவில் இரண்டு மூன்று நாள் கொடுத்து, பிறகு டி4-ஐச் சேர்த்து, எவ்வளவு டி4 குளுகுரோனைடாக மாறி வெளியே வந்தது என்று நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். பக்கத்திலேயே ஃபினோபார்பிட்டால் போட்ட தட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தெரிந்த மருந்துக்கே செல் அசையவில்லை என்றால், தெரியாத ரசாயனத்துக்கு அசையாததில் ஒரு சேதியும் இல்லை. ரசாயனத்தின் அளவு மிஞ்சிச் செல்லே செத்துப்போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செத்த செல் எதையும் கழிக்காது, அதைப் பார்த்து 'பாதிப்பில்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிடக் கூடாது. அப்புறம், ஒரே ஒரு தானக்காரரின் செல்லோடு நிறுத்தவும் கூடாது. குடும்பத்துக்குக் குடும்பம் சாம்பார் மாறுவதைவிட அதிகமாக ஆளுக்கு ஆள் இந்த என்சைம் அளவு மாறும்.

கேள்வி: ஏனுங்க, எங்க வீட்டுக்காரருக்கு டிபி மாத்திரை ஆரம்பிச்ச பிறகு தைராய்டு மாத்திரை அளவை டாக்டர் கூட்டிட்டாரு. டிபி தைராய்டுக்கும் பரவிடுச்சோன்னு தூக்கமே இல்லைங்க.
— ஒரு சகோதரி, ஆத்தூர்

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. டிபி மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. அது கல்லீரலின் கழிப்பு என்சைமைக் கிளப்பிவிடுவதில் கெட்டிக்காரன், டி4 வேகமாகக் கழிந்துவிடும். தைராய்டு நன்றாக வேலை செய்பவர் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடுவார். மாத்திரையை மட்டும் நம்பியிருப்பவரால் அது முடியாது, டாக்டர்தான் கூட்ட வேண்டும். டிபி சிகிச்சை முடிந்ததும் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். அப்போது இன்னொரு கடமை இருக்கிறது: மறுபடி டிஎஸ்ஹெச் பார்த்து அளவைத் திருத்திக்கொள்வது. வலிப்புக்கான ஃபினிடாயின், கார்பமசிபைன் சாப்பிடுபவர்களுக்கும் இதே கதைதான்.

ராசிபுரம் கண்டக்டருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ரிஃபாம்பிசின் மனிதக் கல்லீரலில் தட்டி எழுப்பும் பிஎக்ஸ்ஆர் என்ற உணர்வான், எலியின் கல்லீரலில் அந்த மருந்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எலியை மட்டும் கேட்டிருந்தால் 'ஒன்றும் ஆகாது' என்றிருக்கும். ஆக, எலி வீணாகப் பயமுறுத்துவதும் உண்டு, வீணாகத் தைரியம் சொல்வதும் உண்டு.

கேள்வி: லிவர் டானிக் குடித்தால் தைராய்டு சரியாகுமா?
— பெயர் வேண்டாம் என்கிறார், சங்ககிரி

பதில்: டானிக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் சரியாகும்.

கேள்வி: மனிதக் கல்லீரல் இருக்கட்டும். எங்கள் ஊர்க் கோழிக்கு இந்த ஆராய்ச்சியில் ஏதாவது பங்கு உண்டா?
— கோழிப்பண்ணைக்காரர், நாமக்கல்

பதில்: நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய பங்கு. கனடாவின் வனவிலங்கு ஆராய்ச்சியாளர்கள் 1970களிலிருந்து வட அமெரிக்கப் பேரேரிகளில் கடற்காகங்களின் முட்டையைச் சேகரித்துச் சோதிக்கிறார்கள். அந்தப் பறவைகளுக்குத் தைராய்டு வீங்கியிருந்தது பின்னால் தெரிய வந்தது. எந்த ரசாயனம் என்று தேட, காட்டுப் பறவையை ஆயிரக்கணக்கில் பிடிக்க முடியுமா? வெள்ளை லெகார்ன் கோழியின் கருமுட்டையை எடுத்தார்கள். 19 நாள் அடைவைத்துக் குஞ்சுக் கருவின் கல்லீரலைப் பிரித்துத் தட்டில் வளர்த்தார்கள். உங்கள் ஷெட்டில் இருப்பதும் பெரும்பாலும் வெள்ளை லெகார்ன் வழி வந்த கலப்புதானே!

சோஃபா, வண்டி சீட்டுக்குள் போகும் ஃபோம் சீக்கிரம் தீப்பிடிக்காமலிருக்கச் சில நாடுகளில் சேர்க்கும் பாஸ்பேட் ரசாயனங்கள் இரண்டை 2012-இல் இந்தத் தட்டில் பார்த்தார்கள். டிரான்ஸ்தைரெடின் உள்ளிட்ட தைராய்டு சார்ந்த மரபணுக்களின் போக்கு மாறியது. பறவைக்கு டிபிஜி கிடையாது, டிரான்ஸ்தைரெடின்தான் முக்கியச் சுமைகாரன். ஆகவே அது சின்ன விஷயமல்ல. மறு வருடம் அதே ரசாயனங்களை முட்டைக்குள் ஊசிபோட்டுப் பார்த்தபோது, டிடிசிபிபி என்ற ஒன்று குஞ்சுக் கருவின் ரத்தத்தில் டி4-ஐ இறக்கியது. தட்டு சொன்ன துப்பு முட்டையில் நிஜமானது. எனக்கு இந்த ஆராய்ச்சியில் பிடித்த இடம் இதுதான். தட்டில் பார்த்ததோடு கடையைக் கட்டிவிடாமல் முட்டைவரை போய்ப் பார்த்தார்கள்.

ஒன்று, கடைக்குப் போகும் முட்டை இதற்கு உதவாது. சேவல் இல்லாத கூண்டில் இட்ட முட்டைக்குள் கரு ஏது? குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும் முட்டைதான் வேண்டும். அதுவும் உங்கள் பக்கத்தில் கிடைக்கிறது. 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கருமுட்டை, அடைக்கருவி, படித்தவர்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் அமைந்த ஊர் இந்தியாவில் அதிகம் இராது.

கேள்வி: ஐரோப்பாவில் ஒருமுறை முட்டையைக் கோடிக்கணக்கில் கொட்டினார்களே, அதுவும் தைராய்டு சமாசாரமா?
— முட்டை வியாபாரி, பரமத்திவேலூர்

பதில்: 2017-இல் நடந்தது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிக் கொட்டகையில் சிவப்பு உண்ணியை ஒழிக்கிறேன் என்று வந்தவர்கள், உணவுக்கான கோழிப்பண்ணையில் பயன்படுத்தக் கூடாத ஃபிப்ரோனிலைக் கலந்து அடித்துவிட்டார்கள். அது முட்டைக்குள் போய்விட்டது.

ஃபிப்ரோனில் எலியின் கல்லீரலைக் கிளப்பி டி4-ஐ வேகமாக வெளியேற்றும். எலிக்குத் தைராய்டு கட்டியும் வந்திருக்கிறது. பிரான்சின் துலூஸ் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் இதையே செம்மறி ஆட்டிலும் பார்த்தார்கள். ஏன் ஆடு? ஆட்டின் ரத்தத்தில் நம்மைப் போலவே டிபிஜி உண்டு. எலியில் பெரிதாகத் தெரிந்த விளைவு ஆட்டில் மிகவும் அடங்கியிருந்தது. அதற்காக முட்டையைக் கொட்டியது வீண் என்று சொல்ல மாட்டேன். சட்டம் வேண்டாம் என்ற மருந்து உணவில் இருந்தால் அதன் இடம் குப்பைதான், தைராய்டைத் தொட்டாலும் சரி, தொடாவிட்டாலும் சரி.

கேள்வி: சேலம் ஜில்லாவே மரவள்ளி. குச்சிக்கிழங்கு தின்றால் கழுத்துக் கழலை வரும் என்று பேரன் மொபைலில் பார்த்துச் சொல்கிறான். அறுபது வருடமாகத் தின்கிறேன், கழுத்து அப்படியேதான் இருக்கிறது.
— விவசாயி, ஏத்தாப்பூர் அருகே

பதில்: பேரன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது பெரியவரே, ஆகவே அவனை அதட்ட வேண்டாம். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

கிழங்கிலும் இலையிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. திசு நசுங்கினால் அதிலிருந்து சயனைடு பிரிகிறது. மாடும் ஆடும் மரவள்ளி இலையை மேய்ந்துவிட்டுச் சாவது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? கொஞ்சமாக உள்ளே போனால் கல்லீரல் சமாளித்துவிடும். அங்கிருக்கும் ரோடனீஸ் என்ற என்சைம் சயனைடின்மேல் ஒரு கந்தக அணுவை ஏற்றித் தயோசயனேட் ஆக்குகிறது. உயிர் தப்பியது. ஆனால் இந்தத் தயோசயனேட் தைராய்டு வாசலில் போய் நின்றுகொண்டு, அயோடின் உள்ளே போகிற வழியை மறிக்கிறது. உயிரைக் காப்பாற்றிய கல்லீரலே கழலைக்கு வேண்டியதையும் செய்து கொடுக்கிறது.

ஆப்பிரிக்காவில், அன்றைய ஜயரில், கிவு ஏரி நடுவே இருக்கும் இட்ஜ்வி தீவில் பெல்ஜிய மருத்துவர்கள் பல வருடம் தங்கி இதைத் துருவினார்கள். அங்கே மூன்று வேளையும் மரவள்ளி, பக்குவம் போதாது, மண்ணிலும் சாப்பாட்டிலும் அயோடின் பஞ்சம். இத்தனையும் சேர்ந்தபோதுதான் ஊர் ஊராகக் கழலை. கந்தகம் கொடுக்கும் புரதம் சாப்பாட்டில் குறைவாக இருந்தால் சயனைடைக் கழிக்கவும் கஷ்டம்.

நம் கதை வேறு. இங்கே கிழங்கு பெரும்பாலும் சேகோ ஃபேக்டரிக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய தொழில் அது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோலுரித்து, அரைத்து, தண்ணீர் விட்டு அலசி, மாவைத் தொட்டியில் தெளியவைத்து, வறுத்துக் காயவைத்த பிறகு ஜவ்வரிசியில் மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. விஷத்தின் பெரும்பங்கு கழிவுத் தண்ணீரோடு போய்விடுகிறது, அந்தத் தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேர்கிறது என்பது ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கிறவர் யோசிக்காத தனிக் கேள்வி. ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். சேலத்துச் சித்திரை வெயிலில் அதற்கு நிற்க நேரமில்லை.

நீங்கள் உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அயோடின் உப்போடு தின்கிறீர்கள் என்றால் கழுத்து அப்படியேதான் இருக்கும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. ஆடுமாட்டுக்கென்று மூட்டை கட்டிய கல்லுப்பை நீங்களும் சமையலுக்கு அள்ளுகிறீர்களோ என்பதை மட்டும் பாட்டியிடம் கேளுங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகளிடம் என்ன சொல்வது? 'மனிதனுக்குக் கிடங்கு இருக்கிறது, பயமில்லை' என்றா?
— கிராமச் சுகாதாரச் செவிலியர், சேந்தமங்கலம்

பதில்: வேண்டாம். கருவின் சொந்தத் தைராய்டு கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை முழுதாக வேலைக்கு வராது. அதுவரை குழந்தையின் மூளைக்குத் தாயின் டி4-தான் ஆதாரம். அம்மாவுக்கு அறிகுறியே காட்டாத சிறு இறக்கம்கூட அங்கே பொருட்படுத்த வேண்டியது. இந்தக் கேள்விக்குக் கல்லீரல் தட்டு பதில் சொல்லாது. அதில் நஞ்சுக்கொடியும் இல்லை, மூளையும் இல்லை. டிஎஸ்ஹெச் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரை சாப்பிடுபவர் கர்ப்பம் தெரிந்ததுமே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தெருவுக்கு நாலு பேர் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறோம். எல்லாம் ரசாயனம்தானே?
— இல்லத்தரசி, சூரமங்கலம்

பதில்: சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் எடுத்து 2013-இல் வெளிவந்த கணக்கில், வயது வந்தவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு. உங்கள் தெரு அபூர்வத் தெரு இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தைராய்டையே தாக்குவதுதான் பெரிய காரணம். ரசாயனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மாத்திரை டப்பாவைப் பார்த்து அந்தப் பங்கை அளக்க முடியாது.

கேள்வி: மனிதக் கல்லீரல் தட்டில் பாஸ் ஆன மருந்தை மஞ்சளுக்கு நம்பி அடிக்கலாமா?
— மஞ்சள் விவசாயி, திருச்செங்கோடு

பதில்: அந்த ஒரு பேப்பரில்தான் பாஸ். மஞ்சள் இலைப்புள்ளிக்கு நீங்கள் அடிக்கும் மேன்கோசெப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சிதைந்து வரும் எத்திலீன் தயோயூரியா, தைராய்டுக்குள் ஹார்மோனைக் கட்டும் பெராக்சிடேஸ் என்சைமையே நிறுத்துகிறது. கல்லீரலின் கழிப்பு வேகத்தை மட்டும் அளக்கிற தட்டில் அது மாட்டாது. மரவள்ளித் தயோசயனேட்டும் மாட்டாது. தயோசயனேட்டைப் பிடிக்கத் தைராய்டு செல்லையே வளர்த்து, அயோடினை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பா 2020 டிசம்பரில் மேன்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இங்கே கடையில் கிடைக்கிறது. அடிப்பது என்று முடிவானால் முகமூடி, கையுறை, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது, அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி, இந்த நாலையும் விடாதீர்கள். பனியன் துண்டை மூக்கில் சுற்றுவது முகமூடிக் கணக்கில் சேராது.

கேள்வி: முட்டைக்குள்ளேயே தைராய்டு ஹார்மோன் இருக்கிறதாமே? தினம் இரண்டு ஆம்லெட் போட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?
— லாரி டிரைவர், நாமக்கல்

பதில்: இருப்பது உண்மை. தாய்க்கோழி தன் ஹார்மோனில் கொஞ்சத்தை மஞ்சள் கருவில் வைத்துத்தான் அனுப்புகிறது. குஞ்சின் சொந்தத் தைராய்டு வேலையைத் தொடங்கும்வரை அதுதான் கைச்செலவுக்கு. ஆனால் அது ஒரு மைக்ரோகிராமில் சிறு துளி. உங்கள் மாத்திரையில் இருப்பது 50, 100 மைக்ரோகிராம். ஒரு நாள் மாத்திரைக்கு ஈடுகட்டவே அட்டை அட்டையாக உடைக்க வேண்டும். நாமக்கல் பண்ணை விலைக்கு வாங்கினாலும் கட்டுப்படியாகாது.